ஹெவிவெயிட்டில் ஜெயிப்பது உடம்பா, டெக்னிக்கா?

பாக்ஸிங்கில் மிகக் கனத்த எடைப் பிரிவான ஹெவிவெயிட் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்வியை ஒருமுறை சுருக்கி வைத்துக்கொள்கிறேன். "6 அடி 6 அங்குலம், 115 கிலோ இருக்கிற ஒருவன் எதிரே நின்றால் டெக்னிக்கெல்லாம் எடுபடுமா, ஹெவிவெயிட்டில் கடைசியில் உடம்புதானே ஜெயிக்கிறது, உசிக் ஒரு விதிவிலக்குதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது ஒலெக்ஸாண்டர் உசிக், தன்னைவிடப் பெரியவர்களை ஜெயித்து ஹெவிவெயிட் பட்டம் எடுத்தவர். கடைசி வரியில் போகிற போக்கில், நீங்கள் 93 கிலோ, எடை ஏற்றலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதாவது எடை வித்தியாசத்தை வித்தையால் எவ்வளவு தூரம் ஈடுகட்டலாம், எந்த இடத்தில் அது முடியாமல் போகிறது. இதற்கே பதில் சொல்கிறேன். உடம்பா டெக்னிக்கா என்று மட்டும் கேட்டால் இரண்டும்தான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகலாம், உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது.

முதலில் என்னைப் பற்றி. 80 கிலோவில் அமெச்சூராக ஆடினேன், அப்புறம் 19 வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன். என்னிடம் வந்தவர்களில் 100 கிலோவைத் தாண்டியவர்கள் பத்துப் பேருக்குள்தான் இருப்பார்கள். உலகப் பட்டத்துக்கு ஆடுகிறவன் மூலையில் நான் ஒருநாளும் நின்றதில்லை. அந்த மட்டத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் உங்களைப் போலப் பார்த்ததுதான், கொஞ்சம் பழகிய கண்ணோடு பார்த்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி ஹெவிவெயிட்டில் மட்டும்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். மற்ற எல்லாப் பிரிவிலும் மேல் வரம்பு உண்டு, இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே எடையில்தான் தராசில் ஏறுவார்கள். இங்கே கீழ் வரம்பு மட்டும்தான். அந்தக் கீழ் வரம்பும் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1979-80 வாக்கில் ஹெவிவெயிட்டுக்குக் கீழே க்ரூஸர்வெயிட் என்ற பிரிவு வரும்வரை 79.4 கிலோவைத் தாண்டிய எல்லாரும் ஹெவிவெயிட்தான். இப்போது தொழில்முறையில் 90.7 கிலோவுக்கு மேல். 2020இல், உலகப் பட்டம் கொடுக்கிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி நடுவில் ப்ரிட்ஜர்வெயிட் என்று இன்னொன்றைச் செருகி, 101.6 கிலோ வரை அதில் ஆடலாம் என்றது. அமெச்சூரிலும் இதே கதைதான், 1984 ஒலிம்பிக்கில் 91 கிலோவுக்கு மேலே சூப்பர் ஹெவிவெயிட்டைத் தனியாகப் பிரித்தார்கள். எடை ஒரு பொருட்டே இல்லை என்றால் ஒருவரும் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டார்கள். ஆகவே உடம்புக்கு மதிப்பு உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். எந்த வழியாக அது வேலை செய்கிறது என்பதில்தான் பலருக்குக் குழப்பம்.

பெரிய உடம்பென்றால் பெரிய அடி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது மூன்றாவது இடத்தில்தான் வரும். முதலிடம் கை நீளத்துக்கும் உயரத்துக்கும். இரண்டாவது, டிவியில் பார்க்கிறவர்களுக்குக் கண்ணிலேயே படாத ஒன்று, கிளிஞ்ச், அதாவது எதிராளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது. ஒருமுறை 84 கிலோப் பையன் ஒருவனை, ஏழு வருஷம் ஆடியவன், கால் வேகம் அருமையாக இருக்கும், புதிதாக வந்த 118 கிலோக்காரனோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சி ஆட்டம், விட்டேன். புதியவனுக்கு முன்னால் நிற்கும் கையால் நேராகக் குத்துகிற ஜாபும், ஏதோ ஒரு வலது கையும்தான் தெரியும். முதல் இரண்டு ரவுண்டு வேடிக்கையாக இருந்தது, பெரியவன் கை போய்ச் சேர்வதற்குள் சின்னவன் அந்த இடத்தில் இருக்கமாட்டான். ஆனால் ஒவ்வொரு முறை உள்ளே நுழைந்து அடித்ததும் பெரியவன் வேறு வழி தெரியாமல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முன்கையை அவன் பிடரியில் போட்டு, அப்படியே மேலே சாய்ந்துவிடுவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, களைப்பில் தானாக வந்த வேலை. மூன்றாவது ரவுண்டு பாதியில் சின்னவன் குதிகால் தரையில் பதிய ஆரம்பித்தது. நான் மணியைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் ஒரு ஜாப், அடிகூட இல்லை, தள்ளு மாதிரி, பையன் உட்கார்ந்துவிட்டான். அடித்தவனே பதறிப்போய் "சாரிண்ணா" என்று கை கொடுத்துத் தூக்கினான். இறங்கி வந்தவனிடம் தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். "அடி ஒண்ணும் இல்ல சார், வெயிட்டுதான் சார்" என்றான்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். எடை வித்தியாசம் சின்னவனிடம் ஒவ்வொரு ரவுண்டிலும் வட்டி வசூலிக்கும். வித்தை இருந்தால் அந்த வட்டியைக் குறைக்கலாம், தள்ளிப்போடலாம், சுத்தமாக இல்லாமல் ஆக்க முடியாது. பெரியவன் பத்துத் தப்பு செய்யலாம். சின்னவனுக்கு அவ்வளவு தப்புக்கு இடம் கிடையாது.

சரி, அடியின் கனம். எடையோடு அது கூடத்தான் செய்யும், ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று நேர்க்கோட்டில் கூடாது. அடி காலிலிருந்து கிளம்பி இடுப்பு திரும்பித் தோள் வழியாகக் கையில் முடிகிறது, அந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி லூசாக இருந்தாலும் 130 கிலோ உடம்பும் தள்ளத்தான் செய்யும். அமெரிக்க ஹெவிவெயிட் டியோன்டே வைல்டர் 2018 டிசம்பரில் பிரிட்டனின் டைசன் ஃப்யூரியோடு ஆடியபோது தராசில் காட்டியது 96 கிலோ சொச்சம், ஃப்யூரி 116 கிலோ. அந்த 96 கிலோ ஃப்யூரியை இரண்டு முறை கீழே தள்ளியது. இன்னொரு விஷயம், தாடைக்கு எடை ஏறாது. மூளை குலுங்கி நாக்அவுட் ஆவதில் கழுத்துக்கும், அடி வருவதை முன்கூட்டியே பார்த்தோமா என்பதற்கும் பங்கு உண்டு. வயிற்றைச் சுற்றி ஏற்றுகிற 20 கிலோவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

வித்தை இல்லாத பெரிய உடம்பு மேல் மட்டத்தில் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம், 1919 ஜூலை 4, டொலீடோ. ஜெஸ் வில்லார்ட் 6 அடி 6 அங்குலத்துக்கு மேல், 111 கிலோ. ஜாக் டெம்ப்ஸி 85 கிலோ. முதல் ரவுண்டிலேயே வில்லார்ட் ஏழு முறை விழுந்தார், மூன்றாவது முடிந்ததும் ஆட்டத்தை விட்டார். ப்ரிமோ கார்னேரா 1933இல் பட்டம் எடுத்த பெரிய ஆள், அடுத்த வருஷமே மேக்ஸ் பேரிடம் விழுந்து விழுந்து எழுந்து பறிகொடுத்தார். ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்த சோதனை டேவிட் ஹேய் ஆடிய இரண்டு ஆட்டங்கள், ஏனென்றால் ஆள் ஒருவர்தான், எதிரே நின்றவர்கள் மட்டும்தான் வேறு. 2009 நவம்பரில் நூரெம்பெர்க்கில் ஹேய்க்கு எதிரே நிகோலாய் வலுயெவ், 7 அடி, 143 கிலோ. ஹேய் 98 கிலோ சொச்சம். 45 கிலோ வித்தியாசம்! ஹேய் செய்ததெல்லாம் எட்டாத தூரத்தில் சுற்றிக்கொண்டே இருந்து, வலுயெவ் கால் மாற்றுகிற நேரம் பார்த்து உள்ளே போய் ஒன்றோ இரண்டோ வைத்துவிட்டு வெளியே வந்தது. பார்க்க அழகாக இல்லை, கூட்டம் சலித்துப்போயிருக்கும், ஆனால் இரண்டு நடுவர்கள் 116-112 என்று அவருக்குக் கொடுத்தார்கள், ஒருவர் சமம் என்றார். 2011இல் ஹாம்பர்க்கில் அதே ஹேய், அதே கால் வேகம், எதிரே விளாதிமிர் கிளிச்கோ, 110 கிலோதான், வலுயெவைவிட 30 கிலோவுக்கு மேல் குறைவு. 12 ரவுண்டும் ஹேயால் உள்ளேயே போக முடியவில்லை, மூன்று நடுவர்களும் கிளிச்கோவுக்கே கொடுத்தார்கள். எடையை மட்டும் வைத்து இந்த இரண்டு முடிவையும் உங்களால் விளக்க முடியாது. கிளிச்கோவுக்கு ஜாப் இருந்தது, அந்த ஜாபுக்குப் பின்னால் கால் இருந்தது.

அந்தக் கிளிச்கோவுக்கும் அது பிறவியிலேயே வந்ததில்லை. 2003இல் கோரி சாண்டர்ஸிடமும் 2004இல் லேமன் ப்ரூஸ்டரிடமும் நாக்அவுட் வாங்கினார், உடம்பு அதே உடம்புதான். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்டிடம் பழகப் பழக அவர் ஆட்டம் சலிப்பூட்டுகிற அளவுக்கு எளிமையாகிவிட்டது. இடது கையை முன்னால் நீட்டி எதிராளியின் கண்ணை மறைப்பது, ஜாப், ஜாப், நேரம் வந்தால் வலது, எதிராளி உள்ளே வந்தால் கட்டிப்பிடித்துச் சாய்வது. 2006லிருந்து 2015 வரை அந்த நாலு விஷயம் போதுமானதாக இருந்தது. பெரியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இதுதான், ஆனால் கேட்கமாட்டார்கள். உயரமாகப் பிறந்தவன் குனிந்து, கையை வளைத்துப் பக்கவாட்டில் ஹுக் அடிக்க ஆசைப்படுவான், ஏனோ தெரியவில்லை.

சின்னவன் பக்கம் வருவோம். வழி இரண்டுதான். ஒன்று, எதிராளியின் கைக்குள்ளே புகுந்து நெஞ்சோடு நெஞ்சாக நிற்பது. ஜோ ஃப்ரேசியர், மைக் டைசன், அவர்களுக்கு முன்னால் ராக்கி மார்சியானோ, எல்லாரும் 6 அடிக்குள்தான். உள்ளே போய்விட்டால் நீளமான கை பாரமாகிவிடும். ஆனால் உள்ளே போகிற அந்த ஒன்றரை அடி தூரத்தில் ஒவ்வொரு முறையும் விலை கொடுக்க வேண்டும், அது கழுத்து, இடுப்பு, முட்டி எல்லாவற்றையும் தின்கிற ஆட்டம். நேர் எதிரே சரியான ஆள் வந்தால் என்ன ஆகும் என்று 1973இல் கிங்ஸ்டனில் பார்த்தோம். ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் ஃப்ரேசியரை ஆறு முறை கீழே தள்ளினார். இதில் பலர் கவனிக்காதது, அன்றைக்குத் தராசில் இருவரும் கிட்டத்தட்ட சமம், ஒன்றரை கிலோ வித்தியாசம்தான். உயரமும் கை நீளமும், தலையை ஆட்டிக்கொண்டே குனிந்து வருகிறவனைத் தோளில் கைவைத்துத் தள்ளி நிறுத்திவிட்டுக் கீழிருந்து மேலே அப்பர்கட் போடுகிற பழக்கமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. டைசன் கதையும் இதோடு ஒட்டியதுதான், 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அன்று ஒரு நாள் தன் நீளத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி உசிக்குடையது. அவரை நீங்கள் விதிவிலக்கு என்கிறீர்கள், நான் அரை மனதோடுதான் ஒப்புக்கொள்வேன். 2024 மே மாதம் ரியாத்தில் ஃப்யூரி ஏறக்குறைய 119 கிலோ, உசிக் 101 சொச்சம். உயரத்தில் அரை அடி, கை நீளத்தில் 7 அங்குலம் குறைவு. அந்த ஆட்டத்தை இன்னொரு முறை பார்க்க நேரமிருந்தால் கைகளை விட்டுவிட்டு உசிக்கின் வலது காலை மட்டும் பாருங்கள். சவுத்பா, அதாவது இடதுகைக்காரர் என்பதால் முன்னால் இருப்பது வலது கால், அதை எப்போதும் ஃப்யூரியின் இடது காலுக்கு வெளியே வைக்கவே பார்ப்பார். அங்கே நின்றால் ஃப்யூரியின் வலது கை சுற்றித்தான் வர வேண்டும், உசிக்கின் இடது கை நேராகப் போகும். ஓரிடத்தில் மூன்று நொடி நிற்கமாட்டார். தொட்டுத் தொட்டு, பாதி அடியாக, எதிராளியை யோசிக்க வைத்துக்கொண்டே இருப்பார். இவ்வளவு செய்தும் நடு ரவுண்டுகளில் ஃப்யூரியின் அப்பர்கட்டும் வயிற்றில் விழுந்த அடிகளும் அவரை நன்றாகவே பதம் பார்த்தன, ஒரு கட்டத்தில் எனக்கு அவர் தோற்றுவிடுவார் என்றே தோன்றியது. எட்டாவதில் திருப்பினார், ஒன்பதாவதில் ஃப்யூரி கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார், நடுவர் எண்ண வேண்டியதாயிற்று. அப்படியும் முடிவு பிளவுதான், ஒரு நடுவர் 114-113 என்று ஃப்யூரிக்குக் கொடுத்தார். அவ்வளவு வித்தை இருந்தும் அவ்வளவு நெருக்கம் என்பதை யோசித்துப் பாருங்கள். டிசம்பரில் மறு ஆட்டத்துக்கு ஃப்யூரி 127 கிலோவாக வந்தார், சாய்ந்தே நசுக்கிவிடலாம் என்ற கணக்காக இருக்கலாம். இந்த முறை மூன்று நடுவர்களும் ஒரே மாதிரி 116-112, உசிக்குக்கு. ஏற்றிய எடை எடுபடவில்லை.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. உசிக்கை நாம் சின்னவர் என்கிறோம், ஆனால் 6 அடி 3 அங்குலம், 100 கிலோ என்பது முகமது அலி ஃபோர்மேனை ஜெயித்தபோது இருந்த அளவைவிட ஓரிரு கிலோ கூடுதல். சின்னவன் ஜெயித்தான் என்கிற கதைகளில் பாதி இப்படித்தான், அந்தச் சின்னவன் தெருவில் வந்தால் நாம் ஒதுங்கி நிற்போம். நிஜமாகவே சின்னவர்களின் கதை வேறு. 1941இல் பில்லி கான் 80 கிலோவைக்கூடத் தொடாமல் ஜோ லூயிஸை 12 ரவுண்டு வரை முந்திக்கொண்டிருந்தார், 13ஆவதில் நாக்அவுட். அதுதான் நான் மேலே சொன்ன வட்டி. 2003இல் ராய் ஜோன்ஸ் 87 கிலோவில் 102 கிலோ ஜான் ரூயிஸை ஜெயித்தது உண்மைதான், ஆனால் ரூயிஸ் கிளிச்கோ மாதிரி ஜாப் வைத்திருந்தவர் இல்லை, ஜோன்ஸும் அதன்பிறகு ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஆடாமல் கீழே இறங்கிவிட்டார். எதிராளியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வித்தைதான் என்று வையுங்கள்.

மறுபுறம் ஃபிரான்சிஸ் இங்கானு. எம்எம்ஏ என்கிற கலப்புச் சண்டை விளையாட்டிலிருந்து வந்து முதல் பாக்ஸிங் ஆட்டத்திலேயே, 2023 அக்டோபரில், ஃப்யூரியைக் கீழே தள்ளினார். உடம்புதான் எல்லாம் என்று அன்றைக்கு எல்லாரும் எழுதினார்கள். நாலு மாதம் சொச்சம் கழித்து ஆன்டனி ஜோஷுவா அவரை இரண்டாவது ரவுண்டில் முடித்துவிட்டார். அன்றைக்கு இங்கானுதான் எடையில் கூடுதல். ஒரு ஆட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வந்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துவிடுகிறேன். வித்தை சமமாக இருந்தால் பெரியவனுக்குத்தான் வாய்ப்பு அதிகம், இது உறுதி. கை நீளம் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவனுக்கு மட்டுமே உதவும், இதுவும் உறுதி, ஜிம்மில் வாரா வாரம் பார்க்கிறேன். ஏதோ ஓர் அளவுக்குமேல் எடை கூடினால் லாபம் நின்றுவிடும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை, அந்த அளவு எது என்பதில்தான் சந்தேகம். 100 முதல் 115 கிலோ என்று நான் சொல்வேன், வேறொரு கோச் வேறு எண் சொல்வார், இரண்டு பேரிடமும் ஆதாரம் கிடையாது. மார்சியானோ இன்று ஆடினால் என்ன ஆகும் என்ற விவாதத்துக்கு நான் வரவே மாட்டேன். 85 கிலோவில் 49 ஆட்டம் தோற்காமல் போனவர், ஆனால் இன்றைக்கு அந்த எடையில் அவரை ஹெவிவெயிட்டில் சேர்க்கவே மாட்டார்கள், க்ரூஸரில்தான் ஆடியிருப்பார். பெரிய உடம்புக்காரர்களில் நல்ல விளையாட்டு வீரர்கள் பலர் கூடைப்பந்து, ரக்பி என்று போய்விடுவதால்தான் ஹெவிவெயிட்டில் வித்தை குறைவாகத் தெரிகிறது என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது சரியாகப் படுகிறது, நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

இப்போது உங்கள் 93 கிலோ. உயரம் எழுதவில்லை. 6 அடி 2 அங்குலத்துக்குக் கீழே என்றால் ஏற்றவே ஏற்றாதீர்கள், இரண்டு மூன்று கிலோ இறக்கி க்ரூஸர் எடையில் ஆடுங்கள். அதற்கு மேல் என்றால் இரண்டு வருஷத்தில் ஐந்தாறு கிலோ, காலிலும் முதுகிலும் கழுத்திலும் ஏறுகிற எடையாக இருந்தால் சரி. ஆண்டி ரூயிஸ் 121 கிலோவில் ஜோஷுவாவை ஜெயித்தாரே என்று கேட்பீர்கள். ஜெயித்தார், வேகமான கை இருந்ததால் ஜெயித்தார். ஆறே மாதத்தில் 128 கிலோவாகத் திரும்பி வந்தார், ஜோஷுவா தன் எடையை 107க்கு இறக்கிக்கொண்டு 12 ரவுண்டும் எட்டாத தூரத்தில் நின்று ஜாபிலேயே பட்டத்தைத் திரும்ப எடுத்தார். நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் 12 ரவுண்டு சுமக்க வேண்டியவர் நீங்கள்தான்.

எடைக்குப் பதிலாக ஒன்று செய்து பாருங்கள். உங்களைவிட 20 கிலோ கூடுதலான ஒருவரை, அடிக்கவே வேண்டாம், மூன்று நிமிஷம் உங்கள் மேல் சாய்ந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் தலையை அவர் தாடைக்குக் கீழே வைத்து, ஒரு கையை அவர் அக்குளுக்குள் விட்டு, காலைப் பக்கவாட்டில் எடுத்து, திரும்பித் திரும்பி வெளியே வரவேண்டும். பின்னால் தள்ளக் கூடாது, தள்ளினால் உங்கள் கால்தான் போகும். வாரத்துக்கு இரண்டு நாள், நாலு ரவுண்டு. நான் மேலே சொன்ன அந்த 84 கிலோப் பையனுக்கும் இதைத்தான் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து அதே பெரியவனோடு ஆறு ரவுண்டு நின்றான். ஜெயித்தானா என்று கேட்காதீர்கள், ஸ்பாரிங்கில் யார் புள்ளி போடுகிறார்கள். ஆனால் குதிகால் தரையில் படவில்லை.